வானொலி ரீச்சருக்கு அக்கா எழுதிய கடிதம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன ஒழுங்கையில் குடியிருந்தோம். வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை முடிச்சுகளோடு போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர்கள் விற்றுவிட்டுப் போன கதிரை, கட்டில், அலுமாரி என்று ஊரில் பாதி வீடுகளில் ஏதாவது ஒரு சாமான் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வாய்த்தது ஒரு கால் ஆடுகிற மேசை. பக்கத்து வீட்டுக்கு வாய்த்தது ஒரு றேடியோ.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. துறைமுகத்தோடு சேர்ந்த ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்பதால் ஆங்கிலத்தில் பிழையே விடமாட்டேன் என்று ஒரு தலைக்கனம். சின்னத் தலைக்கனம் இல்லை, கழுத்து நோகிற அளவுக்குப் பாரமான தலைக்கனம். எங்கள் கந்தோர்ப் பெரியவர் கையால் எழுதித் தரும் கடிதங்களில்கூட அவரைக் கேட்காமலே பிழை திருத்தித் தட்டிக் கொண்டுபோய் வைப்பேன். அவரும் பார்த்தும் பார்க்காத மாதிரி கையெழுத்துப் போடுவார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படாது. என்னைப் பற்றி இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததை விளங்கிக்கொள்ள இது வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் குடாவுக்கு அக்கரையில் உள்ள மூதூருக்கு லாஞ்ச், அதாவது மோட்டார்ப் படகு, ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஆட்களையும் நெல் மூட்டைகளையும் ஏற்றி இறக்கிவிட்டு, கடைசி ஓட்டம் முடிந்து பின்னேரம் ஐந்து மணிபோல வீடு திரும்புவார். அதிகம் கதைக்காத மனிதர். அவருடைய மனைவி ஈச்சிலம்பற்றுப் பக்கத்தவர், முப்பது வயது இருக்கும். நான் அவரை அக்கா என்றும் அவருடைய கணவரை அண்ணன் என்றும் கூப்பிடுவேன். பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகி நாலைந்து வருடத்திலேயே அக்காவுக்குக் காசநோய் வந்துவிட்டது. எங்கள் சனம் அந்தப் பெயரைச் சொல்லாது. "நெஞ்சு வருத்தம்" என்று சொல்லி, சொன்ன கையோடு சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தும். அக்கா ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் ஊசி போட்டுவிட்டு, வீட்டில் படுத்து ஆறுதல் எடுக்கும்படி அனுப்பப்பட்டிருந்தார்.

அந்த வீட்டுக்கு யாரும் போவதில்லை. முன்பு அரிசி கடன் கேட்டு வந்தவர்கள் வேறு வீட்டைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். எங்கள் அம்மாவும் "வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு கதை, அந்தப் பக்கம் கால் வைக்காத" என்று எனக்குச் சட்டம் போட்டிருந்தார். நான் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறவில்லை. மீற எனக்கு விருப்பமும் இருக்கவில்லை.

வேலி என்றால் தென்னோலை பின்னிய கிடுகு வேலிதான். ஒரு இடத்தில் கிடுகு உக்கி ஓட்டை விழுந்திருந்தது. அதற்கு நேரே அக்காவின் யன்னல். அந்த யன்னலுக்குள் இருந்துதான் பின்னேரம் ஆறு மணிக்கு ஆங்கிலம் கேட்கும்.

அது சீமையில் இருந்து வருகிற சிற்றலை ஒலிபரப்பு. ஆங்கிலம் தெரியாத வெளிநாட்டுச் சனங்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற நிகழ்ச்சி. சில நாட்களில் தெளிவாகக் கேட்கும். சில நாட்களில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண்ணின் குரல் தத்தளித்துக்கொண்டு வரும். அந்தப் பெண்ணை அக்கா ரீச்சர் என்பார். ரீச்சர் ஒரு வசனம் சொல்லுவார். பிறகு கேட்பவர்கள் திருப்பிச் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அந்த இடைவெளிக்குள் அக்காவின் குரல் எழும்பும். புகையிரத நிலையத்தில் சீட்டு வாங்குவது எப்படி, குடையைத் தவற விட்டால் யாரிடம் கேட்பது, தேநீருக்குப் பால் வேண்டுமா வேண்டாமா, எல்லாம் அக்கா சொல்லுவார். இருமல் வந்தால் அந்த இடைவெளிக்குள்ளேயே இருமியும் முடிக்க வேண்டும். "ரீச்சர் கதைக்கேக்க இருமினா மரியாதை இல்லைத்தானே" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் பகிடி விடவில்லை.

அக்கா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரியும். றேடியோவில் கேட்டதைக் காதுக்குப் பட்டபடி ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுவார். விளங்காததை வேலி ஓட்டையால் என்னிடம் கேட்பார். நானும் பெரிய மனது பண்ணிச் சொல்லிக் கொடுப்பேன். எனது பழைய அகராதியை ஒரு முறை வேலிக்கு மேலால் கொடுத்தேன். அவர் திருப்பித் தந்தபோது அதை மூன்று நாள் வெயிலில் விரித்து வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி வைத்தேனா தெரியாத மாதிரி வைத்தேனா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அக்கா அகராதி கேட்கவில்லை.

"ஏன் அக்கா உங்களுக்கு இந்த இங்கிலீஷ்? வேலைக்குப் போகப் போறீங்களோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எனக்கு என்னத்துக்கு வேலை," என்றார். "அந்த ரீச்சர் ஒவ்வொரு நாளும் வந்தவுடன என்னைச் சுகம் கேக்கிறா. கேட்டிட்டு நான் பதில் சொல்லுமட்டும் பாத்துக்கொண்டு இருக்கிறா. இங்க ஆர் தங்கச்சி அப்பிடி இருக்கினம்?"

நான் "அது எல்லாருக்கும் பொதுவாச் சொல்லுறது அக்கா" என்று விளக்கினேன். எனக்கு எல்லாவற்றையும் திருத்த வேண்டும். அக்கா "தெரியும், தெரியும்" என்று சிரித்துவிட்டு யன்னலை விட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைப் பாடத்தில் கடைசி ஐந்து நிமிடம் வித்தியாசமானது. நேயர் ஒருவர் எழுதிய கடிதத்தை ரீச்சர் வாசித்து, எழுதியவரின் பெயரையும் ஊரையும் சொல்லி, அவரோடு நேரே கதைக்கிற மாதிரி நாலு வார்த்தை பேசுவார். பர்மாவில் இருந்து ஒருவர் எழுதுவார், ஆபிரிக்காவில் இருந்து ஒருவர் எழுதுவார். அக்காவுக்கு ஒரே ஆசை அதுதான். அந்த ரீச்சர் தன் பெயரைச் சொல்லித் தன்னோடு ஒரு முறை கதைக்க வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் மெனக்கெட்டு அக்கா கடிதம் எழுதினார். ஒரு நாள் காலை நான் கந்தோருக்கு வெளிக்கிடும்போது வேலி ஓட்டைக்குள்ளால் ஒரு பொதி நீண்டது. கடிதத்தைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்திருந்தார். வாயைத் துணியால் மூடிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, உறையில விலாசத்தை மட்டும் வடிவா எழுதிப் போட்டு விடுங்கோ. உள்ளுக்க ஒண்டும் செய்ய வேண்டாம். பிழையா இருந்தாலும் அப்பிடியே போகட்டும், என்ன?"

"ஓம் அக்கா" என்று சொல்லி, பொதியை ஒரு மூலையில் பிடித்து வாங்கினேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் கந்தோரில் ஆட்கள் இல்லாதபோது அதைப் பிரித்தேன். பென்சிலால் எழுதிய ஒன்றரைப் பக்கம். எழுத்துகள் மேலும் கீழுமாக ஏறி இறங்கின. எழுதி, அழித்து, திரும்ப எழுதியதில் ஒரு இடத்தில் தாளே ஓட்டையாகியிருந்தது. வசனத்துக்கு வசனம் பிழை. இன்று வரைக்கும் அதில் எனக்குச் சில வரிகள்தான் நினைவிருக்கின்றன. "நான் படுத்துக்கொண்டு உங்களைக் கேட்கிறேன். என் கணவர் லாஞ்ச் ஓட்டுகிறார். துறைமுகத்தில் எத்தனை லாஞ்ச் வந்தாலும் அவருடைய லாஞ்சின் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கதிரையில் ஒருவரும் வந்து உட்கார மாட்டார்கள். எனக்கு நெஞ்சில் வருத்தம். அது உங்களுக்குத் தெரியாது, அதனால் என்னோடு கதைக்கிறீர்கள். இப்போது சொல்லிவிட்டேன். இனியும் என்னோடு கதையுங்கள்." அவர் எழுதிய ஆங்கிலத்தில் இதெல்லாம் இன்னும் கட்டையாக, இன்னும் நேராக இருந்தது.

வாசித்து முடித்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை. வெட்கம். இதைப் போய் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்கு அனுப்புவதா? வருத்தத்தைப் பற்றியெல்லாம் முன்பின் தெரியாத ஆளுக்கு எழுதுவதா? எங்கள் ஊரைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நான் தட்டெழுத்து இயந்திரத்தில் நல்ல வெள்ளைத் தாள் ஒன்றைச் செருகினேன். கந்தோர்ப் பழக்கத்தில் அடியில் காபன் தாளும் வைத்தேன்.

அப்படி ஒரு கடிதம் அந்தக் கந்தோரில் இருந்து அதற்கு முன்பும் போகவில்லை, பின்பும் போகவில்லை. தங்களுடைய மேலான நிகழ்ச்சியைத் தவறாது செவிமடுக்கும் நேயர்களில் அடியேனும் ஒருத்தி என்று தொடங்கினேன். இயற்கை எழில் கொஞ்சும் துறைமுகத்தைப் பற்றி ஒரு பத்தி. ஆங்கில மொழியின் பெருமையைப் பற்றி ஒரு பத்தி. தங்கள் கீழ்ப்படிவுள்ள என்று முடித்து, அக்காவின் பெயரைப் போட்டேன். லாஞ்சும் இல்லை, கதிரையும் இல்லை, நெஞ்சு வருத்தமும் இல்லை. ஒரு காற்புள்ளி பிழையில்லை. பதில் தவறாமல் வர வேண்டும் என்று எங்கள் கந்தோர் விலாசத்தையே கொடுத்தேன்.

தட்டி முடிந்ததும் கையெழுத்துப் பிரதியைக் கிழித்துக் கூடைக்குள் போடுவது எங்கள் வேலை முறை. அக்காவின் ஒன்றரைப் பக்கத்தையும் நாலாகக் கிழித்துப் போட்டேன். பிறகு பின்பக்கக் குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் தொடங்கின. ஆகாயத் தபால் போய்ச் சேர எப்படியும் நாள் எடுக்கும் என்று நான் சொல்லியிருந்தும், அக்கா அடுத்த வெள்ளியே ஆயத்தமாகிவிட்டார். தலை வாரி, பொட்டு வைத்து, துவைத்த சேலை உடுத்து, கட்டிலில் நிமிர்ந்து உட்காருவார். வீட்டுக்கு ஆள் வரப்போகிற மாதிரி. அண்ணனும் லாஞ்சைக் கட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து வாசற்படியில் இருப்பார். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் விளங்காது. மனைவியின் பெயர் வந்தால் மட்டும் விளங்கும், அதற்காகக் காத்திருப்பார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். சொன்னால் வெட்கம், ரீச்சர் என் ஆங்கிலத்தை வாசிப்பதைக் கேட்கத்தான் நின்றேன்.

முதல் கிழமை யாரோ ஒரு பாடசாலை மாணவனின் கடிதம். அடுத்த கிழமை ஒரு தையற்காரருடையது. "அடுத்த கிழமை வரும்" என்று அக்கா சொல்லுவார். அண்ணன் எழும்பிக் கிணற்றடிக்குப் போவார். இப்படியே ஏழு எட்டு வெள்ளிகள் போயின. நாளாக ஆக அக்காவுக்கு இருமல் கூடிக்கொண்டு வந்தது. இடைவெளிக்குள் திருப்பிச் சொல்ல மூச்சுப் போதவில்லை. ரீச்சர் அடுத்த வசனத்துக்குப் போன பிறகும் அக்கா முந்தின வசனத்தில் பாதியில் நிற்பார்.

"விலாசம் சரியா எழுதினீங்கள்தானே தங்கச்சி?" என்று ஒரு முறை கேட்டார்.

"ஓம் அக்கா, அதெல்லாம் சரி."

பதில் கந்தோருக்கு வந்தது. நீளமான உறை, வெளிநாட்டு முத்திரை. கூட வேலை செய்தவர்கள் எல்லாம் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். உள்ளே ஒரு புத்தகமும் ரீச்சர் கைப்பட எழுதிய கடிதமும் இருந்தன. உங்கள் ஆங்கிலம் மிகவும் அழகாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். முதல் வரியை வாசித்தபோது, கடவுளறிய, எனக்குப் பெருமைதான் வந்தது. பக்கத்து மேசைப் பெண்ணுக்குக் காட்டக்கூடச் செய்தேன்.

பிறகுதான் மிச்சத்தை வாசித்தேன். இவ்வளவு நன்றாக எழுதுகிற உங்களுக்கு எங்கள் பாடம் தேவைப்படாது, மேல்வகுப்புப் புத்தகம் ஒன்றை அன்போடு அனுப்புகிறேன் என்றிருந்தது. வெள்ளிக்கிழமை நேரத்தை, இப்போதுதான் மொழிக்குள் காலடி எடுத்து வைக்கிறவர்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்றும், அவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் தங்கள் கையால் எழுதிய கடிதங்களையே வாசிக்கிறோம் என்றும் இருந்தது. உங்கள் அயலில் அப்படி யாராவது எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தால், பிழைகளுக்குப் பயப்படாமல் எழுதச் சொல்லுங்கள், அவருடைய கடிதத்துக்காகக் காத்திருப்பேன் என்று முடித்திருந்தார்.

பிழையோடு அப்படியே போகட்டும் என்று அக்கா சொன்னது அடக்கத்தால் இல்லை. அவர் அந்த நிகழ்ச்சியை ஒழுங்காகக் கேட்டவர். அரைக் காதால் கேட்ட நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கப் போனேன். கூடையைப் பார்த்தேன். அந்தக் குப்பை எரிந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் அவர் அப்போதே இன்னொரு கடிதம் எழுதத் தொடங்கியிருப்பார். நான் சொல்லவில்லை. இன்று சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று பத்து நாள் இழுத்தேன். அதற்கிடையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அக்காவைக் கொழும்புப் பக்கத்துக் காசநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். இரவு ரயிலுக்குப் போவதாக இருந்த நாளன்று நான் கந்தோரில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். அக்கா யன்னலோரம் கதிரையில் சாய்ந்திருந்தார். கழுத்தெலும்பு தனியாகத் தெரிந்தது. காபன் பிரதி என் கையில் இருந்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான் மாற்றி எழுதியது, தட்டி அனுப்பியது, ரீச்சரின் பதில், எல்லாம். அக்கா கோபிக்கவில்லை. "நீங்கள் எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோவன்" என்றார். வாசித்தேன். அவருக்கு விளங்கவில்லை. "தமிழில சொல்லுங்கோ" என்றார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அடியேனும் ஒருத்தி என்றதில் இருந்து கீழ்ப்படிவுள்ள என்பது வரைக்கும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கவனமாகக் கேட்டார்.

"நல்லா இருக்கு தங்கச்சி," என்றார். பிறகு கேட்டார்: "ஆரைப் பற்றி எழுதினது இது?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். தன்னுடையது ஒரு வரியும் அதில் இல்லை என்பது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டு வந்தது.

"அப்ப என்ர தாள்?"

"கிழிச்சுப் போட்டன் அக்கா. தட்டி முடிஞ்சா கிழிக்கிறது கந்தோர்ப் பழக்கம்."

அவர் தன் கையைப் பார்த்தார். "சரி, பரவாயில்ல. வந்து எழுதுவம். இப்ப ஏலாது, பென்சில் பிடிக்கக் கை நடுங்குது" என்றார். பிறகு, "நான் வருமட்டும் ரீச்சர் என்ன படிப்பிக்கிறா எண்டு கேட்டு எனக்கு எழுதுவீங்களோ? திருத்தாமல் எழுதுங்கோ" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது, ஆனால் சிரித்தேன்.

அண்ணன் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்தார். ஆறு மணிக்கு றேடியோவை யன்னலில் தூக்கி வைத்து எனக்குக் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி விடுவார். நான் பாடத்தை எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மூன்று கடிதம் அனுப்பியிருப்பேன். அவற்றை அக்கா தலையணைக்குக் கீழே வைத்திருந்ததாக அண்ணன் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நாலாவது கடிதம் எழுதி வைத்திருந்த அன்று காலை தந்தி வந்துவிட்டது. உடலை இங்கே கொண்டுவரவில்லை. அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்ததும் அக்காவின் சகோதரர்கள் ஈச்சிலம்பற்றில் இருந்து வந்தார்கள். அந்த வருத்தத்தில் இறந்தவர்களின் சாமான்களை எரித்துவிடுவதுதான் அப்போது வழக்கம். பாய், தலையணை, சேலைகள், கொப்பிகள் எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அண்ணன் வாசற்படியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். கொப்பிகளுக்குள் என்ன இருக்கிறது என்று அந்த முற்றத்தில் தெரிந்தது எனக்கு மட்டும்தான். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அம்மா யன்னலைச் சாத்தினார், நான் உள்ளே போனேன்.

ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் அண்ணன் கந்தோருக்கு வந்தார். லாஞ்சில் இருந்து நேரே வந்திருக்க வேண்டும், சாரத்தில் எண்ணெய் பட்டிருந்தது. உள்ளே வரக் கூச்சப்பட்டு வெளி விறாந்தையில் நின்றார். நான் எழும்பிப் போனேன்.

"தங்கச்சி, அவ சீமைக்கு எழுதின கடிதம் இருக்கெல்லே. அதை அவை திருப்பி அனுப்புவினமோ?"

"ஏன் அண்ணன்?"

"அவவின்ர கையெழுத்து எண்டு வீட்டில ஒண்டும் இல்ல. எல்லாத்தையும் எரிச்சுப் போட்டினம். எனக்கு வாசிக்கத் தெரியாது. சும்மா பாத்துக்கொண்டு இருக்கலாம் எண்டு."

அக்கா அவரிடம் ஒன்றும் சொல்லாமலே போயிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காபன் பிரதி என் மேசை லாச்சிக்குள் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்திருந்தால் அவர் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அடியில் மனைவியின் பெயர் இருக்கிறது, அவருக்கு வாசிக்கத் தெரியாது, இதுதான் அக்காவின் கடிதம் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஒரு கணம் அப்படி யோசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

கொடுக்க முடியவில்லை. அந்த விறாந்தையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவிடம் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்.

"தட்டி முடிஞ்சா கிழிக்கிறது பழக்கம் எண்டு அக்காவுக்குச் சொன்னனான். அது பாதிதான் உண்மை, அண்ணன். அந்தத் தாளைத் தொட எனக்குப் பயமா இருந்தது. அவ இருமின கையால எழுதின தாள் எண்டு பயந்து கிழிச்சனான். கிழிச்சுப் போட்டுக் கை கழுவினனான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ ஒரு கப்பலில் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நானும் அவவின்ர கோப்பையைப் புறம்பாத்தான் வைச்சனான், தங்கச்சி," என்றார். "டொக்டர் அப்பிடிச் சொல்லேல்ல. ஊசி போட்ட பிறகு ஒண்டும் செய்யாது எண்டுதான் சொன்னவர். எண்டாலும் நான் வைச்சனான். அவ கண்டவ. ஒரு நாளும் கேக்கேல்ல."

இரண்டு மணிக்கு மூதூர் ஓட்டம் இருக்கிறது என்று சொல்லி அவர் படியிறங்கிப் போனார். அடுத்த வருடம் வீட்டை விட்டுவிட்டு மூதூர்ப் பக்கமே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பிறகு அவரை நான் காணவில்லை. ரீச்சருக்கு நான் பதில் எழுதவே இல்லை. என்னவென்று எழுதுவது?

முப்பது வருடத்துக்கு மேல் தட்டெழுத்து வேலை செய்து ஓய்வு பெற்றுவிட்டேன். இடையில் படிப்பறியாத எத்தனையோ பேர் என்னிடம் மனு எழுதக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கொடுத்தேன், தாளைக் கையில் முழுதாகப் பிடித்து வாங்கினேன். அதனால் பழைய கணக்கு நேராகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ஊரில் யாராவது "நல்ல மனுசி நீங்கள்" என்று சொன்னால் எனக்கு இன்னும் கூசும்.

அக்காவின் கடிதத்தைச் சீமையில் ஒருவரும் வாசிக்கவில்லை. அதை வாசித்தது உலகத்திலேயே நான் ஒருத்திதான். "இனியும் என்னோடு கதையுங்கள்" என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவளும், கடல் கடந்து எங்கேயும் இல்லாமல் ஒரு கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நான்தான்.